இறுகாத பட்டி

வெள்ளப்பாறை பிரிவில், நாற்கரச் சாலையை விட்டு ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் ஊருக்குள் திரும்புகிற இடத்தில், தகரக் கொட்டகைகளாக வரிசை கட்டி நிற்கும் பட்டறைகளில் கடைசிப் பட்டறை டிங்கர் அர்த்தனாரியுடையது. ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் அங்கே வந்து நின்ற வெள்ளைக் காரின் நசுங்கலுக்கு மேல் அவர் பூசிய பட்டி, மழை நின்று, பனி இறங்கி, தை பிறந்து, பக்கத்து ஊர்களில் எல்லாம் கரும்பு வெட்டி முடித்த பிறகும் இறுகவில்லை.

காரைக் கொண்டு வந்தவன் நடேசன். அர்த்தனாரியின் மனைவி அமராவதிக்குத் தம்பி, ரிக் முதலாளி சதாசிவத்துக்கு டிரைவர். கைக்குழந்தையாக இருந்தபோதே தாயைப் பறிகொடுத்தவன் என்பதால் அமராவதிதான் அவனை வளர்த்தாள்; கல்யாணமாகி அர்த்தனாரி வீட்டுக்கு வந்தபோதுகூட அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வாசற்படி ஏறினாள். அவன் அன்றைக்குக் காரை விட்டு இறங்கி, நனைந்த தலையைத் துவட்டாமல், இடது முன்சக்கரத்துக்கு மேலே தகடு உள்வாங்கிக் கிடந்த இடத்தைக் காட்டினான்.

"எருமை மாமா. பொசுக்குனு குறுக்க வந்திருச்சு."

"எருமைக்கு ஒண்ணும் ஆவலியா?"

"அது எந்திரிச்சுப் போயிருச்சு."

அர்த்தனாரி குனிந்து பார்த்தார். எருமை மோதிய வண்டிகளை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். அந்தத் தகட்டில் ஒரு ரோமம்கூட இல்லை. விளக்குக் கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் பச்சை நிறத்தில் ஏதோ மின்னியது. நகத்தால் நெம்பி எடுத்தார். உடைந்த கண்ணாடி வளையல் துண்டு. நிமிர்ந்து நடேசனைப் பார்த்தார். நடேசன் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அர்த்தனாரி பட்டறை ஓரமாக ஓடிய சாக்கடை நீரில் அந்தத் துண்டைப் போட்டுவிட்டுச் சுத்தியலை எடுத்தார்.

உள்வாங்கிய தகட்டைப் பின்புறமிருந்து தட்டி வெளியே கொண்டு வந்து, தட்டியும் எழாத பள்ளத்துக்குப் பட்டி பூசி, அது இறுகியதும் எமரித்தாள் போட்டுத் தேய்த்துச் சமமாக்கி, மேலே பெயிண்ட் அடித்துவிட்டால், அங்கே அடி விழுந்ததென்று பெற்ற தாய் வந்து சொன்னாலும் யாரும் நம்ப மாட்டார்கள். அதுதான் அந்த வேலை. பட்டியில் இறுக வைக்கும் சிவப்பு ஹார்டனரைக் கலந்து பூசினால் ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் லேசாகச் சூடேறிக் கல்லாகிவிடும். அர்த்தனாரி பூசினார், டீ குடித்தார், வந்து தொட்டார். விரல் உள்ளே போனது. இன்னொரு டீ குடித்துவிட்டு வந்து தொட்டார். பிசைந்து வைத்த மாவாக விரல் உள்ளே போனது.

பக்கத்துக் கொட்டகையில் பெயிண்ட் அடிக்கும் கபூர் வந்து பார்த்தார்.

"ஈரத் தகட்டு மேல போட்டுட்டீங்களாட்ட இருக்குதுண்ணே."

சுரண்டி எடுத்து, தகட்டை வெள்ளியாக மின்னும்வரை தேய்த்து, விளக்கு வைத்துச் சூடுகாட்டி, மறுபடியும் பூசினார்கள். இறுகவில்லை. ஹார்டனர் குறைவு என்று கூட்டிக் கலந்தார்கள். பட்டி சிவப்பேறியதே தவிர இறுகவில்லை. டப்பாவே கெட்டுவிட்டது என்று சொல்லி, அதே டப்பாவிலிருந்து எடுத்து ஒரு பால் வண்டியின் கதவில் பூசினார்கள். கபூர் பீடியைப் பற்றவைத்து முடிப்பதற்குள் அது கல்லானது. வேறு கடை டப்பா, வேறு ஊர் டப்பா, எல்லாமே எல்லா வண்டியிலும் இறுகின, அந்தக் கார் ஒன்றைத் தவிர.

பிறகு ஒரு நாள் காலையில் அர்த்தனாரி மேலே போட்டிருந்த சாக்கை விலக்கியபோது, பட்டியில் ஒரு கை பதிந்திருந்தது. பெண்ணின் வலது கை. வருகிற எதையோ தடுப்பதற்காக நீட்டிய கை போல விரல்கள் விரிந்திருந்தன. உள்ளங்கை ரேகைகூடத் தெரிந்தது. மோதிர விரல் மட்டும் பாதியிலேயே முடிந்திருந்தது. அர்த்தனாரி பட்டி பூசும் தகட்டால் அதை வழித்துச் சமமாக்கினார். சற்று நேரத்தில் அது திரும்பவும் குழிந்து வந்தது. மறுபடி வழித்தார், மறுபடி வந்தது. கபூர் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு தன் கையிலிருந்த பட்டித் தகட்டைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, "அர்த்தனாரிண்ணே, இதுக்கு மேல பெயிண்ட் அடிக்க என்னால ஆவாது" என்று சொல்லிவிட்டுத் தன் கொட்டகைக்குப் போனார்.

அன்றைக்கு மதியம் பட்டறை வரிசை முழுக்க வந்து பார்த்தது. வெல்டிங் வைப்பவர்கள், டயர் ஒட்டுபவர்கள், சீட் தைப்பவர்கள், இட்டிலிக் கடைக்காரி எல்லோரும் வந்து, இது கைதான் என்று சொல்லி, பொம்பளைக் கைதான் என்று சொல்லி, விரல் ஒன்று குட்டை என்று சொல்லி, அவரவர் வேலைக்குத் திரும்பினார்கள். சாயங்காலம் இட்டிலிக் கடைக்காரி மட்டும் திரும்பி வந்து, வெயில் பட்டால் காய்ந்து வெடிக்குமோ என்று ஒரு வாழை இலையை நனைத்து அதன் மேல் போட்டுவிட்டுப் போனாள். காய வேண்டும் என்பதற்காகத்தானே இத்தனை பாடு என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து இலை நனைத்துப் போடுவது அவள் வேலையாகவே ஆகிவிட்டது.

அப்புறம் வெளியூர் ஆட்கள் வந்தார்கள். அந்த நாற்கரச் சாலையில் அடிபட்டுச் செத்து, அடித்த வண்டி இன்னதென்று தெரியாமலே போனவர்கள் எத்தனையோ பேர். வேலைக்குப் போனவள் திரும்பவில்லை, சந்தைக்குப் போனவள் திரும்பவில்லை என்று காத்திருக்கும் வீடுகளும் அந்தச் சாலையின் இரு பக்கமும் எத்தனையோ. அவர்களெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, தங்கள் கையை அந்தக் கையின் மேல் படாமல் வைத்து அளவு பார்த்தார்கள். என் மகள் கை இதைவிடச் சின்னது என்று சொல்லி ஒருத்தி அழுதாள். என் அக்கா கை இதைவிடப் பெருசு என்று சொல்லி ஒருவன் நிம்மதியா துக்கமா என்று தெரியாமல் நின்றான். எங்கள் பெண்ணுக்கு விரல் எல்லாம் முழுசாக இருந்தது என்று தெரிந்தவர்களும் வந்தார்கள். அடிபட்டபோது போயிருக்கலாமே என்றார்கள். அப்படி வந்தவர்கள் உட்காருவதற்காகப் பட்டறைக்காரர்கள் பழைய பஸ் சீட்டுகளைக் கொண்டு வந்து போட்டார்கள். வரிசையில் நிற்கக் கயிறு கட்டினார்கள். கடலை விற்பவர்கள் வந்தார்கள், பூ விற்பவர்கள் வந்தார்கள். லாரி டிரைவர்களும் வந்தார்கள். அவர்கள் யாரையும் தேடி வரவில்லை. எந்த ஊர் எல்லையிலோ என்றைக்கோ நிற்காமல் வந்துவிட்டவர்கள், விடியும்போது வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து, சும்மா நின்று பார்த்து, யாரிடமும் பேசாமல் வண்டி ஏறிப் போனார்கள்.

நகரக் காவல் நிலையத்து இன்ஸ்பெக்டரும் வந்தார். கபூர் அவரிடம் கேட்டார்.

"சார், ஐப்பசியில பாலத்துக்கிட்ட ஒரு பொம்பளை அடிபட்டுக் கெடந்தாங்களே, அந்தக் கேசு என்னாச்சுங்க?"

"அடையாளம் தெரியாத வாகனம் மோதி அடையாளம் தெரியாத பெண் பலின்னு எழுதி முடிச்சாச்சு."

"இந்த வண்டியா இருக்குமோன்னு..."

"பாய், அடையாளம் தெரியாத வாகனம்னு எழுதியிருக்குது. இது அடையாளம் தெரிஞ்ச வண்டி. எப்படி ஒத்துப்போகும்? செத்தவ யாருன்னு ஒருத்தர் வந்து சொல்லட்டும், கொன்னவன் யாருன்னு அப்புறம் கேட்கலாம்." அப்படிச் சொல்லிவிட்டு, கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஒரு போலீஸ்காரரைப் போட்டுவிட்டுப் போனார். அந்தப் போலீஸ்காரர் பஸ் சீட்டில் உட்கார்ந்து தினமும் காவல் பார்த்தார்.

சதாசிவம் ஒரு தடவை காரை இழுத்துப் போக கிரேன் வண்டி அனுப்பினார். எங்கிருந்தோ வந்திருந்த பெண்கள் எழுந்து போய் அதன் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். கிரேன் வண்டி திரும்பிப் போனது. நடேசன் அந்தப் பக்கமே வருவதில்லை. அமராவதி மட்டும் தினமும் மதியச் சோற்றுத் தூக்கோடு வந்து, வரிசையையும் இலை போர்த்திய காரையும் பார்க்காமல் தாண்டி, புருஷனுக்குச் சோறு போட்டுவிட்டுப் போவாள். வீட்டில் ஒரு நாள் அவள் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியும்தானே?"

"எனக்கு என்ன தெரியும்?"

"தெரியும்னா தெரியும்னு சொல்லுங்க. தெரியாதுன்னா தெரியாதாட்டவே இருந்துக்கங்க. அவனுக்கு ரெண்டு கொழந்தைங்க."

அர்த்தனாரி தெரியாதாட்டவே இருந்துகொண்டார்.

மார்கழியில், வருகிறவர்களில் ஒரு பெரியவரை அவர் கவனிக்க ஆரம்பித்தார். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, மண்ணில் பாடுபட்ட கைகள். முதல் டவுன் பஸ்ஸில் வருவார், கயிற்றுக்கு வெளியே வேலிக்காத்தான் மரத்தடியில் நிற்பார், உச்சி வெயில் சாய்ந்ததும் போய்விடுவார். அர்த்தனாரி கவனித்த வரையில் வரிசையில் நின்றதில்லை, கிட்டத்தில் வந்ததும் இல்லை. ஒரு நாள் அர்த்தனாரி அவருக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டு போய்க் கொடுத்தார்.

"வந்து பாருங்களேன். தூரத்துல நின்னா என்னங்க தெரியும்?"

"மொத நாளே பாத்துட்டனுங்க" என்றார் பெரியவர். அவர் பெயர் செம்மலை, மலையடிவாரத்தில் தோட்டம். தண்ணீரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார். "அந்த வெரலு சோளத்தட்டு வெட்டற மெஷின்ல போனது. புள்ளைக்கு அப்ப ஏழு வயசு. தட்டை அது எடுத்துக் குடுத்துச்சு, மெஷினை நாந்தான் சுத்துனேன்."

அர்த்தனாரி கேட்டார். "உங்க மகளுங்களா?"

"மகளா இருந்தவ. வேற சாதிப் பையனோட போயிட்டா. ஊரைக் கூட்டி, தலையை மொட்டையடிச்சு, பானையை ஒடைச்சு, உசுரோட இருக்கறவளுக்கு நாங் கருமாதி பண்ணிட்டனுங்க. எலை போட்டு ஊருக்கே சோறு போட்டேன். அந்தப் பையன் சாயப்பட்டறைத் தொட்டியில எறங்கி வெசவாயு தாக்கிப் போயிட்டான்னு அப்புறம் கேள்விப்பட்டேன். ஐப்பசியில ஒரு நாளு போன் பண்ணுனா. 'அப்பா, நான் ஊட்டுக்கு வரட்டுமா'ன்னு கேட்டா. எம் பொண்ணு செத்து வெகு நாளாச்சுன்னு சொல்லி வெச்சுட்டேன்."

"சொல்லியும் வந்திருக்காங்க."

"வந்திருக்கா. பிரிவுல எறங்கி நடந்து வந்திருக்கா."

"போயிச் சொல்லுங்க. அந்தக் கயித்துக்குள்ள போயி எம் பொண்ணுதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இத்தனை பேரு அதுக்குத்தான் காத்துட்டு இருக்காங்க."

"எந்த வாயில சொல்றது? ஒருத்திக்கு எத்தனை தடவைங்க கருமாதி பண்றது?" என்று கேட்டுவிட்டு, குடிக்காத தண்ணீரை மரத்தின் வேரில் ஊற்றி, டம்ளரைக் கவிழ்த்துக் கொடுத்தார். சொல்லச் சொல்லி அவரை நெருக்கும் தகுதி தனக்கும் இல்லை என்று அர்த்தனாரிக்குத் தெரியும்; டம்ளரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அந்தப் பக்கத்திலும் யாரும் தேடவில்லை. புருஷன் வீட்டார் அவள் அப்பன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டார்கள். அப்பன் வீட்டில் அவள் எப்போதோ செத்தவள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அந்தச் சாலையில் அவள் விழுந்து கிடந்தாள், அரசு ஆஸ்பத்திரிப் பிணவறையில் கிடந்தாள், கேட்க ஆளில்லாமல் நகராட்சி ஆட்கள் ஏரிக்கரை மயானத்தில் அவளைப் புதைத்தார்கள்.

தை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சதாசிவம் வந்தார். கூட ஒரு பெண்ணை அழைத்து வந்தார். எங்கோ தெற்கிலிருந்து வந்தவள் என்றார்கள். வண்டியை விட்டு இறங்கும்போதே தலையை விரித்துக்கொண்டு இறங்கினாள். வரிசை விலகி வழிவிட்டது. அவள் காருக்கு முன்னால் விழுந்து, மார்பில் அடித்துக்கொண்டு, "என் தங்கச்சி கை! என் கூடப்பொறந்த ராசாத்தி கை! பஸ்ஸுல இருந்து விழுந்து செத்தாளே, இந்தக் கார் மேல வந்து எறங்கியிருக்காளே!" என்று கதறினாள். குட்டை விரலைத் தடவி, பிறவியிலேயே அப்படித்தான் என்றாள். கூட்டத்தில் பாதிப் பேர் அழுதார்கள். சதாசிவம் கைகூப்பி நின்று, ராசாத்திக்கு இந்த இடத்திலேயே காரியம் செய்து, எல்லோருக்கும் தன் செலவில் சாப்பாடு போட்டு, அந்த ஆத்மாவைச் சாந்தியாக அனுப்பி வைப்போம் என்றார். போலீஸ்காரர் எழுந்து நின்று தொப்பியைச் சரிசெய்தார். முதன்முறையாக அன்றைக்கு நடேசனும் வந்திருந்தான். முதலாளியின் பின்னால், கூட்டத்துக்கு முகம் காட்டாமல் நின்றிருந்தான்.

அந்தப் பெண் ஒரு தேங்காயைச் சுற்றி உடைத்து, "ராசாத்தி, ராசாத்தி" என்று கூப்பிட்டுக்கொண்டே தன் கையைப் பட்டியில் வைத்தாள். பட்டி இறுகவில்லை. அவள் கையை எடுத்தபோது கூழாக விரல்களில் ஒட்டிக்கொண்டு வந்தது. புடவையில் துடைத்தாள், போகவில்லை. "ராசாத்தி" என்று கத்தி மறுபடியும் வைத்தாள்.

வேலிக்காத்தான் மரத்தடியிலிருந்து செம்மலை நடந்து வந்தார். கயிற்றைத் தூக்கி உள்ளே நுழைந்தார். இத்தனை நாள் ஓரமாக நின்றவர் என்பதால் எல்லோருக்கும் அவர் முகம் தெரியும். என்ன செய்கிறார் என்று பார்த்தார்கள்.

"அவ பேரு ராசாத்தி இல்லை" என்றார்.

சதாசிவம், "பெரியவரே, வரிசையில வாங்க" என்றார்.

"அவ பேரு கலாமணி." அந்தப் பெயரைச் சொல்லிப் பல வருஷம் ஆகியிருந்ததால் குரல் நடுவில் உடைந்தது, விழுங்கிவிட்டு, பலமாக மறுபடியும் சொன்னார். "கலாமணி. என்ற புள்ள. ஊட்டுக்கு வந்துட்டு இருந்தா." அப்படிச் சொல்லிக்கொண்டே, அந்தச் சின்னக் கையின் மேல் தன் பெரிய வலது கையை, விரலுக்கு விரல் சேர்த்து, அழுத்தி வைத்தார்.

பட்டியிலிருந்து ஆவி எழுவதை அர்த்தனாரிதான் முதலில் பார்த்தார். சூடேறினால் இறுகப் போகிறது என்று அர்த்தம். "ஐயா, கையை எடுங்க!" என்று கத்தினார். "இறுகுது, கையை எடுங்க!" ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து இழுத்தார். செம்மலை அசையவில்லை. சூடு தாங்காமல் முகம் கோணியது, கண்ணில் நீர் வழிந்தது, ஆனாலும் கையை உள்ளே இன்னும் அழுத்திக்கொண்டார். ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்தான். பட்டி வெளுத்து, வறண்டு, செம்மலையின் மணிக்கட்டு வரை கல்லாகிவிட்டது.

முதலில் வாய் திறந்தவர் சதாசிவம். "அர்த்தனாரி, உளியை வெச்சுத் தட்டு. பட்டியைப் பொடிப்பொடியா ஒடைச்சு எடு. பெரியவர் கைதான் முக்கியம்."

"ஒடைக்காதீங்க" என்றார் செம்மலை. காருக்கு முன்னால் மண்டிபோட்டிருந்த அவரால் நிமிர முடியவில்லை. "தகட்டை வெட்டி உடுங்க. நான் இப்படியே போலீஸ் டேசனுக்குப் போறேன்."

சோற்றுத் தூக்கோடு வந்த அமராவதி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்திருந்தாள். தூக்கைத் தரையில் வைத்தாள். தம்பியைப் பார்த்தாள். பிறகு புருஷனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "ஏனுங்க, பட்டியத் தட்டி எடுத்துருங்க. உங்களுக்குப் புண்ணியமா போகும். தகட்டை வெட்டாதீங்க."

அர்த்தனாரி இரும்புப் பெட்டியைத் திறந்தார். உளி மேலேயே கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்து தகடு வெட்டும் கத்திரியை எடுத்தார். பட்டறைத் துணி ஒன்றை நனைத்து செம்மலையின் மணிக்கட்டில் சுற்றினார். வெட்டத் தொடங்கினார். தகடு கிரீச்சிட்டுக்கொண்டு வளைந்தது. கத்திரி நகர நகர அமராவதியின் அழுகை எழுந்தது. நடேசன் கூட்டத்துக்குள் பின்வாங்கிப் பின்வாங்கிச் சாலைக்குப் போய்விட்டான். அர்த்தனாரி தலை தூக்காமல் கையைச் சுற்றி ஒரு தட்டளவு வெட்டி முடித்தார். கடைசி வெட்டில் கார் சற்று மேலே எழும்பி அடங்கியது.

"நானும் வர்றனுங்க" என்றார் அவர். "வெளக்கு இடுக்குல பச்சை வளையல் இருந்துச்சு. நாந்தான் எடுத்துப் போட்டேன்."

"பச்சைதான் போடுவா" என்றார் செம்மலை.

இரண்டு பேரும் நடந்து போனார்கள். பின்னால் பஸ் சீட்டுகளிலிருந்து எழுந்து, காத்திருந்தவர்கள் எல்லோரும் நடந்தார்கள். தன் மகள் இல்லை, தன் அக்கா இல்லை என்று தெரிந்துவிட்டவர்கள்தான், ஆனாலும் நடந்தார்கள். காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர், செத்தவள் பெயர் என்ன என்று கேட்டார், செம்மலை சொன்னார். கையெழுத்துப் போடச் சொன்னார்கள். செம்மலை தகட்டோடு கையைத் தூக்கிக் காட்டினார். இடது கைப் பெருவிரலை உருட்டினார்கள்.

ஊர் ஊராக ஓடிய நடேசனை மூன்றாவது ஊரில் பிடித்தார்கள். மோதியபோது பின் சீட்டில் சதாசிவம் உட்கார்ந்திருந்தார், நிறுத்தாதே ஓட்டு என்று அவர்தான் சொன்னார் என்று அவன் போலீசில் சொன்னான். அன்றைக்குச் சதாசிவம் வேறு ஊரில் இருந்ததாகப் பத்துப் பேர் வந்து சொன்னார்கள். நடேசன் மட்டும் ஜெயிலுக்குப் போனான். அமராவதி தன் துணிகளை எடுத்துக்கொண்டு, தம்பி பெண்டாட்டிக்கும் குழந்தைகளுக்கும் துணையாக அவர்கள் வீட்டிலேயே போய்த் தங்கிவிட்டாள். அர்த்தனாரி இரண்டு தடவை கூப்பிடப் போனார். முதல் தடவை கதவைத் திறந்து தண்ணீர் கொடுத்தாள். இரண்டாவது தடவை திறக்கவில்லை. அவர் பட்டறைக்கு அதன்பிறகு ரிக் வண்டிகள் வருவதில்லை. ஆட்டோக்களும் பால் வண்டிகளும் வருகின்றன, அவற்றில் பூசும் பட்டி சரியாக இறுகிவிடுகிறது.

தகடு சாட்சிப் பொருள் என்பதால் ஒப்படைக்க வேண்டும் என்று கோர்ட்டு சொன்னது. அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் மயக்கமருந்து கொடுத்துச் செம்மலையின் கையை விடுவித்தார்கள். உள்ளங்கைத் தோல் முழுக்கப் பட்டியோடு போய்விட்டது. புதுத் தோல் வளர்ந்து புண் ஆறியது. ஆனால் விரல்கள் மடங்கவில்லை. விரிந்த விரல்கள் விரிந்தபடியே நின்றுவிட்டன. இடது கையால் சாப்பிடப் பழகிக்கொண்டார்.

பங்குனியில் ஒரு பகலில் அவர் ஏரிக்கரை மயானத்துக்குப் போனார். கேட்க ஆளில்லாதவர்களைப் புதைக்கும் மூலையில் மண்மேடுகள் நெருக்கமாகக் கிடந்தன. ஒன்றுக்கும் அடையாளம் இல்லை. இந்தப் பக்கமாகத்தான் இருக்கும் என்று மயானக் காவலாளி கையை வீசிக் காட்டிவிட்டுப் போனார். அங்கே ஏற்கெனவே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள், மெலிந்த, வயதான பெண், மடி நிறையப் பூ. அவளும் எந்த மேடு என்று தெரியாமல்தான் நின்றாள். பேப்பரில் வந்த படத்தை வைத்து அவரை அடையாளம் கண்டுகொண்டாள்.

"நான் பூவாயிங்க. கலாமணிக்கு மாமியா."

செம்மலைக்கு அவளை என்ன சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியவில்லை. அந்த உறவுக்கு உரிய சொல் அவர் வாயில் வந்ததே இல்லை.

"உங்க ஊட்லதான் இருக்கான்னு நெனச்சுட்டு இருந்தமுங்க" என்றாள் பூவாயி. "எம் பையன் போனதுக்கு அப்புறம் ஒரு வேளை சோத்துக்கே கஷ்டமுங்க. 'அப்பா சேத்துக்குவாரு அத்தை, எனக்குத் தெரியும், போயி எடத்தைப் புடிச்சுட்டு உங்களையும் வந்து கூட்டிட்டுப் போறேன்'னு சொல்லிட்டுப் போனா. சேத்துக்கிட்டாங்க போல, நம்மளை மறந்துட்டாளாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். கோவங்கூடப் பட்டேன்."

செம்மலை ஏரிப் பக்கம் திரும்பினார். ஏரியில் தண்ணீர் இறங்கி, கரைச் சேற்றில் கொக்குகள் நடந்தன.

"வரட்டுமான்னு கேட்டா" என்றார். "வராதேன்னு சொன்னேன். நாந்தான் சொன்னேன்."

பூவாயி அவரையே பார்த்தாள். அவள் முகத்தில் என்ன ஓடியது என்று செம்மலையால் பார்க்க முடியவில்லை, குனிந்துகொண்டார். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவள் திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. மேடுகளை ஒரு முறை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தாள்.

"எல்லாத்துக்குந்தான் போடோணும்" என்றாள். "மடியில வெச்சுட்டுக் குனிஞ்சு குனிஞ்சு எந்திரிக்க என்னால ஆவாது. கையை நீட்டுங்க."

செம்மலை இடது கையை நீட்டினார்.

"அந்தக் கைய."

வலது கையை நீட்டினார். மூடத் தெரியாத அந்தக் கையில் அவள் மடியிலிருந்த பூவையெல்லாம் அள்ளி வைத்தாள். பிறகு முன்னால் நடந்தாள். ஒரு மேட்டுக்கு முன்னால் நின்று, திரும்பி, அவர் கையிலிருந்து ஒரு பூவை எடுத்து, குனிந்து வைத்தாள். அடுத்த மேட்டுக்குப் போனாள். செம்மலை கையை ஆட்டாமல் அவள் பின்னாலேயே போனார்.